கன்னையா, பி.

என் அப்பா கன்னையா, உயிரோடு இருந்த மகனுக்குத் தலைமுழுகிய மனுஷன். அதுவும் வீட்டுக் கொல்லையில் யாருக்கும் தெரியாமல் அல்ல. கிள்ளான் கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு மகன் கிடையாது. இருந்த ஒருத்தனும் செத்துட்டான். இனிமே அவன் என் பேரை எங்கயும் போடக் கூடாது" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். துவட்டிய கையோடு சாப்பாடு போடச் சொல்லி, ரசம் புளிக்கிறது என்று என்னைத் திட்டினார். பாவி மனுஷன்.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை. என் அண்ணி தனலெட்சுமியைப் பற்றி. ஆனால் அவள் கதையைச் சொல்ல வாயைத் திறந்தால் இந்தக் கிழவரைத் திட்டாமல் ஒரு வரி நகராது. என்ன செய்வது, பெற்றவர் அப்படி.

அண்ணி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள். அவள் அப்பா ரயில்வே ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர். மகளை மட்டும் கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இங்கிலீஷோடு டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டாள். தமிழ்ப் பெண் ஒருத்தி ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள் என்பது அந்தக் காலத்தில் வேடிக்கை. கோலாலம்பூரில் இருந்த காய்ச்சல் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். ஒருநாள் அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, "டிக்கெட் வாங்கியாச்சா அண்ணே?" என்று கேட்டாளாம். அதோடு அந்தக் கூட்டம் கலைந்தது.

என் அண்ணன் பழனியப்பன் அதே ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். கிள்ளானில் இங்கிலீஷ் படித்தவன். நாளெல்லாம் பூதக்கண்ணாடியில் கொசுவைப் பார்ப்பது அவன் வேலை. கொசுவைப் பார்த்த கண் டைப் மெஷின் பக்கமும் போயிற்று. வண்ணார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் எங்கள் அப்பா குதித்த குதியில் கிள்ளான் ஆறே கலங்கியிருக்கும். அண்ணன் அசரவில்லை. பத்துமலையில் முருகன் முன்னால் தாலி கட்டினான். அப்பா அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் தலைமுழுகினார்.

அதற்குப் பிறகு அண்ணன் பெயருக்கு முன்னால் 'கே' போடுவதை விட்டுவிட்டான். கையெழுத்து வெறும் பழனியப்பன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸில் எழுதிக்கொண்ட 'பழனியப்பன், கன்னையா மகன்' என்பது அப்படியே கிடந்தது. அதை யார் போய் மாற்றினார்கள்?

அப்பா அப்போது பெரிய ஆள். கங்காணியாக வந்து, குத்தகைக்காரராகி, தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வாய்க்கால் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோயில் தலைவரும் அவர்தான். திருவிழாவில் முதல் மாலை, பரிவட்டம் எல்லாம் அவருக்கே. அந்த வாய்க்கால் ஓரத்தில் கூலி ஜனங்கள் குடியிருந்த லயங்களில்தான் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. ஆய்வுக்கூடத்துத் துரை அனுப்பி, அண்ணன் அகப்பையும் புட்டியுமாக அங்கே போய்க் கொசுப்புழு அள்ளி வந்தான். போய்ப் போய் அந்தக் காய்ச்சல் அவனையே பிடித்துக்கொண்டது.

சாகும் முன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அண்ணி ஆள் அனுப்பினாள். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "செத்தவன் எத்தனை தடவடி சாவான்?" என்று கேட்டார். நான் தட்டைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து நான் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது அண்ணனைக் கிடத்தி விளக்கேற்றியிருந்தார்கள்.

அண்ணன் மேசையில் அவன் இங்கிலீஷில் எழுதிவைத்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று கிடந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் வில்மட் துரை அதைப் படித்துவிட்டு, "இது வீணாகக் கூடாது, லண்டன் பத்திரிகைக்கு அனுப்பலாம்" என்றார். நல்ல மனுஷன்தான். அண்ணிதான் அதை டைப் அடித்தாள். புருஷன் போன துக்கத்தில், பொட்டில்லாத நெற்றியோடு உட்கார்ந்து அடித்தாள்.

அந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அண்ணி எனக்குச் சொல்லியிருக்கிறாள். யார் யார் எழுதியதை எடுத்துக் காட்டுகிறோமோ அவர்களையெல்லாம் கட்டுரையின் கடைசியில் வரிசையாகப் போட வேண்டும். பெயரில் கடைசியில் வருவதை முதலில் போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, மற்றதை ஒரே எழுத்தாகச் சுருக்க வேண்டும். பிறகு வருஷம், கட்டுரைத் தலைப்பு, பத்திரிகை, பக்கம். புள்ளி ஒன்று தப்பினாலும் லண்டன்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். வில்மட், ஜே. அப்படித்தான். வெள்ளைக்காரனுக்கு அது சரி. கடைசியில் வருவது அவன் குடும்பப் பெயர்.

நமக்கு? கடைசியில் நிற்பது அப்பன் பெயர். ஆபீஸ் பதிவில் இருந்ததை எடுத்து, எத்தனையோ துரைமார் பெயரை மாற்றி மாற்றிப் பழகிய கையால், அண்ணி அன்றைக்கும் அப்படியே மாற்றிவிட்டாள். கட்டுரையின் தலையில் 'பி. கன்னையா'. துரைக்கு வித்தியாசம் தெரியாது. அழுது வீங்கிய கண்ணோடு இருந்த அண்ணிக்கும் தெரியவில்லை. கப்பல் ஏறிப் போய்விட்டது.

அச்சாகி வந்தபோதும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. மனசு வரவில்லையாம். பிறகு துரை தன்னுடைய பெரிய கட்டுரை ஒன்றை டைப் அடிக்கக் கொடுத்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'கன்னையா கண்டுபிடித்தபடி', 'கன்னையா காட்டியிருப்பது போல'. கடைசி வரிசையில் 'கன்னையா, பி. (1932)'. அண்ணிக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. நான் அந்த வாரம் கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் கையாலயே அவரை அழிச்சிட்டேன் இராஜம்மா. உசிரக் கொடுத்து எழுதினது அவரு. பேரு யாருக்குப் போச்சு பார்த்தியா? அவருக்கு ஒரு எழுத்து, ஒரு புள்ளி."

"துரைகிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்களேன் அண்ணி."

"கேட்டேன். அச்சுல எப்படி வந்துச்சோ அப்படியேதான் காட்டணுமாம். இல்லாட்டித் தேடுறவனுக்குக் கட்டுரை அகப்படாதாம். இனி எவன் எழுதினாலும் கன்னையாதான்."

என் பெயரைப் போடாதே என்று விரட்டிய மனுஷனுக்கு, அந்த மகன் செத்துச் சம்பாதித்த பேரும் போய்ச் சேர்ந்ததா? அவளைத் தேற்றக்கூடத் தோன்றாமல் கிள்ளானுக்குத் திரும்பினேன்.

வீட்டில் ஒரே அமர்க்களம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர், டாக்டர் மேசையில் கிடந்த அந்தப் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். முதல் பக்கத்தை மட்டும். ஓடி வந்து, "லண்டன் புஸ்தகத்துல தெலுக் வாய்க்கால் பத்தி வந்திருக்கு. உங்க பேரு பெரிசா போட்டிருக்கு" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டான். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வெள்ளைக்காரன் தன் வாய்க்காலைப் புகழ்ந்து எழுதிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கோயில் மண்டபத்தில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினார். பாசாரில் மீன் வாங்கப் போனாலும் அதே பேச்சு.

"இந்தக் கன்னையா வெட்டின வாய்க்கால் லண்டன் வரைக்கும் ஓடுதுலா!"

பங்குனி உத்திரத்தன்று, லயத்து ஜனமெல்லாம் லோரி லோரியாக வந்து இறங்கும் சமயத்தில், அதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அடுத்த வருஷத் தலைவரைத் தீர்மானிப்பதும் அன்றுதான். டிரசருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது, நழுவிவிட்டான்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் மகள்தானே நான், அந்தக் குணம் எங்கே போகும்?

"அப்பா, கோலாலம்பூர்ல ஒரு அம்மா இருக்காங்க. அந்தக் கட்டுரைய டைப் அடிச்சதே அவங்கதான். கூட்டிட்டு வரட்டுமா?"

"அப்படியா! கூட்டிட்டு வா, கூட்டிட்டு வா. நாற்காலி போட்டு உட்கார வைப்போம்."

"புருஷன் இல்லாதவங்கப்பா. நல்ல நாளும் அதுவுமா..."

"அதெல்லாம் பார்த்தா முடியுமா? படிச்ச அம்மா!"

விதவை எதிரே வந்தால் வண்டியைத் திருப்புகிற ஆள் சொன்ன பேச்சு இது. பெயர் ஆசை அப்படி.

அண்ணி சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. "பழி வாங்கி என்ன ஆகப்போகுது?" என்றாள். நான் விடவில்லை. "அண்ணன் பேரை அந்த வாயாலேயே சொல்ல வைக்கணும் அண்ணி. அந்த மண்டபத்துலயே சொல்ல வைக்கணும். அது போதும் எனக்கு" என்றேன். பிறகு பெட்டியைத் திறந்து புடவை எடுத்தாள்.

உத்திரத்தன்று மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. அப்பா ஜரிகைத் தலைப்பாகையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்று எழுந்து நின்று அண்ணியை வரவேற்றார். சோடா வாங்கிவரச் சொன்னார். அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, கையோடு கொண்டுவந்த பத்திரிகையைப் பிரித்தாள்.

"இத எழுதினவர் பேரு கன்னையான்னு போட்டிருக்கு" என்று தொடங்கினாள். கைதட்டல். அப்பா கையைக் கூப்பினார். எழுதினது யாராயிருந்தால் என்ன, பெயர் வந்தால் போதும் அவருக்கு.

அண்ணி குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். தெலுக் பங்லிமா காராங் லயங்களின் பக்கம் வெட்டிய வாய்க்கால்களைப் பார்த்ததாக. வாய்க்காலுக்கு வாட்டமே இல்லை என்று. தண்ணீர் கடலுக்கு ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று. நின்ற தண்ணீரில்தான் காய்ச்சல் கொசு முட்டையிடுகிறது என்று. வாய்க்கால் வெட்டாத லயத்தைவிட வெட்டிய லயத்தில்தான் பிள்ளைகள் அதிகம் செத்திருக்கிறார்கள் என்று.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கூப்பிய கை அப்படியே நின்றது.

லயத்து வீரம்மா எழுந்தாள். அந்த வருஷம் இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்தவள். "தலைவரே, நீங்களேவா எழுதினீங்க? உங்க வாய்க்காதான் எம்புள்ளைங்களக் கொன்னுச்சுன்னு நீங்களே எழுதி, சாமி பக்கத்துல மாட்டி வச்சீங்களா?"

"ஐயய்யோ! நான் எழுதலை! எனக்கு எழுதவே தெரியாதே!" என்று கத்தினார் அப்பா.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் அண்ணி. "கடைசியில துரை சேர்த்தது. இந்தக் கட்டுரைய எழுதினவர், இந்த வேலைக்குப் போன இடத்துலயே காய்ச்சல் பிடிச்சு இறந்துட்டார்."

அப்பாவுக்கு அது உடனே விளங்கியது. அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ... நீ யாரும்மா?"

"தனலெட்சுமி பழனியப்பன்."

நான் எழுந்தேன். "அப்பா, ஜனங்க கேக்குறாங்க. எழுதினது யாரு? நீங்களா, வேற ஆளா? சொல்லுங்க."

அவர் சபையைப் பார்த்தார். தானே எழுதினேன் என்றால் வீரம்மா விடமாட்டாள். இல்லையென்றால் பெயரைச் சொல்லியாக வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்?

"என் மகன்" என்றார்.

கோயில் பொருளாளர் சபாபதி மெதுவாகக் கேட்டார். "எந்த மகன் அண்ணே? உங்களுக்குத்தான் மகனே இல்லைன்னு இதே இடத்துல சொன்னீங்களே?"

"பழனியப்பன்" என்றார் அப்பா. "பழனியப்பன்தான் எழுதினான்."

"அப்ப சரிதான்" என்றாள் வீரம்மா. "பெத்த மகனே சொல்லிட்டான்."

அவள் போய்க் கண்ணாடிப் படத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். உடைக்கவில்லை. அப்பாவுக்காகத் தாம்பாளத்தில் எடுத்து வைத்திருந்த பரிவட்டம் அன்றைக்கு சபாபதி தலைக்குப் போயிற்று. நான் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிய புடவையோடு அண்ணியுடன் ரயில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் அண்ணி நேரே துரையிடம் போனாள். இந்தத் தடவை கேட்கவில்லை, விளக்கினாள். எங்கள் ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கடைசியில் நிற்பது அப்பன் பெயர், நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பது என் புருஷனை இல்லை, என் மாமனாரை என்று. துரைக்கு முகம் சிவந்துவிட்டதாம். பத்திரிகையிலேயே திருத்தம் போடச் சொல்லி எழுதுவோம், அச்சில் திருத்தம் வந்தபின் எல்லோரும் அதன்படிதான் காட்டியாக வேண்டும் என்றார். பெயர் எப்படி வர வேண்டும் என்று நீயே எழுதிக் கொண்டுவா என்று தாளைக் கொடுத்தார்.

அண்ணி சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினாள். பழனியப்பன், காற்புள்ளி, கே.

எனக்கு வந்ததே கோபம். "அந்தக் 'கே' எதுக்கு அண்ணி? அந்த ஆளுக்கு அது ஒரு கேடா?"

"அவரு கடைசி வரைக்கும் 'அப்பா'ன்னுதான் கூப்பிட்டாரு இராஜம்மா. அவருக்காகப் போடுறேன். ஒரு எழுத்துதானே. எனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றாள். அவள் மனசு அது. எனக்கு வாயில் நாலு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் அதை மடித்து வைப்பதற்குள் வாசலில் அப்பா நின்றார். தலைப்பாகை இல்லை. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தது அன்றைக்குத்தான். அண்ணி எழுந்து பாய் போட்டாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வண்ணார் வீட்டுத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"பேரு தப்பா வந்தா அச்சுல திருத்தம் போடுவாங்களாமே? டிரசர் சொன்னான்" என்றார்.

"ஆமா மாமா."

"அதுல என் எழுத்த விட்டுடாதம்மா. 'கே' ஒண்ணு போடு. பேரை நீங்களே வச்சுக்கிங்க. முன்னாடியோ பின்னாடியோ ஒரு எழுத்து இருந்தாப் போதும். சபாபதி கிண்டல் பண்றான். கன்னையா மகன்தான் எழுதினான்னு அச்சுல இருந்தா, அதக் காட்டி அடுத்த வருஷமாவது மரியாதைய வாங்கிடுவேன்லா. வாய்க்கா பேச்ச மறந்துடுவானுங்க. பெரிய மகனப் பெத்தவன்னு சொல்லுவானுங்க."

அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று பார்த்தாள். எனக்குத் தெரியும், அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று. அவன் எப்படிச் செத்தான் என்று கேட்பாரா, எங்கே வைத்தீர்கள் என்று கேட்பாரா, அந்தப் பையன் என்னைக் கேட்டானா என்றாவது ஒரு வார்த்தை வருமா என்று. அவர் பரிவட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணி தாளை விரித்தாள். ரப்பரை எடுத்தாள். தாள் கசங்காமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தூளை ஊதித் தள்ளினாள். பழனியப்பன் மட்டும் மிஞ்சியது.

"என்னம்மா அழிக்கிறே?" என்று எட்டிப் பார்த்தார் அப்பா. அவருக்கு அதில் எது எந்த எழுத்து என்று தெரியாது.

நான்தான் சொன்னேன். "உங்க எழுத்துதான்ப்பா. நீங்க வாசல்ல வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிருந்தாங்க."